குடும்பநல உத்தியோகத்தர் என்ன செய்கிறார்?

வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஆஸ்பத்திரித் தாதிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருந்தீர்கள். தாதியிடம் நாம் நோயோடு போகிறோம்; இவரோ நோய் வருமுன்னரே படலையைத் திறந்து வருபவர். 1926இல், கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில் தொடங்கிய, ஒரு பகுதி மக்களின் நோய்த்தடுப்பைக் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த இப்பணியில், ஏறத்தாழ 3,000 பேர் வாழும் பகுதியை ஒருவரே பொறுப்பேற்று, கர்ப்பிணிகளைப் பதிவது முதல் குழந்தையின் எடை, தடுப்பூசி, திரிபோஷா என்ற சத்துமா வரை கவனிக்கிறார்.

இப்போது வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கும் என் பெரியம்மா, மலையகச் சிறுநகரொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இப்பணியைச் செய்தவர். தொங்கு தராசில் குழந்தையை நிறுத்து, அட்டையில் வளர்ச்சிக் கோடு கீழிறங்கக் கண்டால், அன்று மாலையே அந்த வீட்டு அடுப்படிக்குச் சென்று, என்ன சமைக்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார். அந்தக் கவனத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன். தாம் முதலில் எடை பார்த்த பிள்ளைகளின் பிள்ளைகளையும் அவரே எடை பார்த்தார்.