தனி வகுப்பறைக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பது தொடக்கப்பள்ளியிலேயே தெரிந்தது. வாரத்தில் சில பாடவேளைகள் தனி அறையில், சிறு குழுவோடு சேர்த்துக் கற்பிக்கப்போவதாகப் பள்ளி சொல்கிறது. இது சான்றிதழில் ஏறிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். துணைப்பாட நிலையம் நடத்தும் ஒருவர், புதிய மதிப்பீட்டு அறிக்கை எடுத்துக் கொடுத்துத் தேர்வில் கூடுதல் நேரமும், தமிழிலிருந்து விலக்கும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: தயங்காமல் அனுப்புங்கள். உங்கள் மகன் எழுதப்போவது 2027இல் தொடங்கும் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. எந்த அறையில் உட்கார்ந்து படித்தான் என்பது அந்தச் சான்றிதழில் வராது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் பாடவேளையிலிருந்து அவனை அழைத்துச் செல்கிறார்கள், அங்கே கற்றது வழக்கமான வகுப்புக்கு எப்படித் திரும்பி வருகிறது? நான் கற்பித்த ஒரு மாணவன், வரிக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையை வைத்துப் படித்தால் அறிவியல் வினாவைப் புரிந்துகொண்டு வாய்மொழியாகப் பிழையின்றி விடை சொல்வான். அந்த அட்டையைப் பற்றி அடுத்த அறையிலிருந்த பாட ஆசிரியருக்கு ஒரு தவணை முழுவதும் யாரும் சொல்லவில்லை. இருபது அடி தூரத்தைக் கடக்க ஒரு செய்திக்கு ஏன் பத்து வாரம் வேண்டும் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அந்த நிலையத்தாரிடம் பணம் கொடுக்காதீர்கள். கூடுதல் நேரத்தை யாரும் வாங்கித் தர முடியாது. பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும், தேசியத் தேர்வுக்குத் தேர்வு மதிப்பீட்டுக் கழகம்தான் முடிவெடுக்கும். பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி, பரிந்துரைப் பக்கத்தை வரி மாறாமல் அச்சிட்ட அறிக்கைகளை நான் என் கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் பள்ளியின் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியிடம் பேசி, எத்தகைய அறிக்கை தேவை, பழையது போதுமா என்று கேளுங்கள். வெளியே போகத்தான் வேண்டுமென்றால், அந்த உளவியலாளரின் பெயர் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

தமிழ் விலக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடைத்தரகர்கள் முதலில் கை வைப்பது தமிழின்மீதுதான். விலக்கு கல்வி அமைச்சின் முடிவு. அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது: 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த பாட அடிப்படையிலான வகைப்பாட்டின்படி (ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளைக்கு ஏற்ற நிலையில் படிக்கும் முறை), தமிழையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கலாம், ஜி1 எளியது, ஜி3 கடினமானது, ஆகவே கனம் குறைந்த நிலைக்கு மாற்றிப் பார்க்காமல் விலக்கு கேட்பது அவசரம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தடுமாறும் சில பிள்ளைகள், எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் பொருத்தமுள்ள தமிழை ஓரளவு நிதானமாகப் படிக்கிறார்கள். வேறு சிலர் ண, ன, ல, ள, ழ ஆகியவற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் மகனை இரு மொழிகளிலும் ஒரே நாளில் ஒவ்வொரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல மாத ஆதரவுக்குப் பிறகும் ஒரு பத்தியைக்கூடப் படித்து முடிக்க முடியாமல், தமிழ்ப் பாடவேளை வந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்தறைக்குப் போகும் பிள்ளைக்கு விலக்கு நியாயமானது. அதை நானே ஆதரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பள்ளியைச் சந்திக்கப் போகும்போது, தொடக்கப்பள்ளிக் கோப்பு தானாக வந்து சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய அறிக்கையின் நகலை நீங்களே கொண்டுபோய் அதிகாரியின் கையில் கொடுங்கள்.