ஒரே குத்தில் ஐந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐந்து நோய்க்கான மருந்தை ஒரே ஊசியில் போட்டால் ஒன்றரை மாதக் குழந்தை தாங்குமா? (தேனி)

தாங்கும். கலப்பது ஒன்றும் புதிதல்ல. பழைய முத்தடுப்பு ஊசியே தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான கலவைதான். அதோடு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி இரண்டுக்கான மருந்தும் சேர்ந்ததுதான் இந்த ஐந்து நோய் ஊசி, பென்டாவேலன்ட். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் தொடங்கினார்கள். போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

இரண்டாவது தவணை இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. முதலிலிருந்து போடணுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், தவணைக்கு இடையே 4 வாரம் இருந்தால் போதும். வரும் புதன்கிழமையே அட்டையோடு போங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள்.

பணம் கட்டிப் போடும் 'வலியில்லா ஊசி' நல்லதா, ஆரம்ப சுகாதார நிலையத்து ஊசி நல்லதா? நகையை அடகு வைக்கவும் தயார். (கடலூர்)

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். வலியில்லாமல் குத்தும் ஊசி என்று ஒன்று கிடையாது, குத்தினால் குழந்தை அழத்தான் செய்யும். வித்தியாசம் கக்குவான் இருமல் பகுதியில். இலவச ஊசியில் இருப்பது கிருமியை முழுதாகக் கொன்று செய்தது. காய்ச்சல், தொடை வீக்கம் கொஞ்சம் அதிகம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். விலை ஊசியில் கிருமியின் சில புரதங்கள் மட்டும். காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. 2010-ல் கலிபோர்னியாவில் சுமார் 9000 பேருக்குக் கக்குவான் வந்ததற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம். விலை ஊசி மோசம் என்று சொல்லவில்லை. முந்தைய தவணையில் வலிப்பு மாதிரி ஏதாவது வந்திருந்தால் எதைப் போடுவது என்று மருத்துவர் முடிவு செய்வார். மற்றபடி ஒரு ராத்திரி காய்ச்சலுக்குப் பயந்து ஒவ்வொரு தவணைக்கும் சில ஆயிரம் கொடுப்பது உங்கள் வசதி. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஊசி போட்டபின் காய்ச்சல். பாராசிட்டமால் எத்தனை மில்லி?

குழந்தையின் எடை எங்கே? கையில் இருப்பது சொட்டு மருந்தா, சிரப்பா? இரண்டையும் எழுதாமல் மில்லி கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதா சிரப்பில் அதில் கால்வாசிதான். மாற்றி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலைப் படியுங்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுத்து வைக்கவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ, துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ மருத்துவமனைதான், கடிதம் அல்ல.

குறைமாதக் குழந்தைக்குக் கணக்கை மாற்றணுமா?

இல்லை. பிறந்த தேதிதான் கணக்கு.

மெடிக்கலில் வாங்கிய இந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை ஃபிரீசரில் வைத்துவிட்டேன். உருகினபின் போடலாமா?

கூடாது. உறைந்தால் அது செத்த மருந்து. 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். அப்புறம், வீட்டு ஃபிரிட்ஜில் தடுப்பூசிக்கு என்ன வேலை?