ஆத்தா பேரா, அப்பத்தா பேரா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 31. பிறந்த ஊர் தேவகோட்டை, வாழ்க்கைப்பட்டது பள்ளத்தூர், வேலை சென்னையில். முதல் பிரசவத்துக்காக மாமியார் வீட்டில் இருக்கிறேன். பெண் குழந்தை, பிறந்து 26 நாள் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

எங்களில் மூத்த பெண்ணுக்கு அப்பத்தா (அப்பாவின் அம்மா) பெயர், அடுத்த பெண்ணுக்கு ஆயா (அம்மாவின் அம்மா) பெயர் வைப்பது வழக்கம். என் மாமியார் பெயர் உண்ணாமலை. என் ஆத்தா (அம்மா) பெயர் சீதை. ஆத்தா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் ஒரே மகள். ஒரு குழந்தை போதும் என்று நானும் வீட்டுக்காரரும் முன்பே முடிவு செய்துவிட்டோம். அப்படியென்றால் ஆத்தா பெயர் என்னோடு முடிந்துபோகும்.

ஆத்தாவுக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பழைய காலத்துச் சின்னப் பெயர்கள்தான் பிடிக்கும். ஆபீஸ் தோழிகள் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை எழுத ஸ, ஷ, ஹ எல்லாம் வேண்டியிருக்கிறது. சீதை இரண்டே எழுத்து. எந்த ஊர் டீச்சரும் தப்பில்லாமல் கூப்பிடலாம்.

நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் மகளுக்கு அவ அப்பத்தா பேரு வச்சாச்சு. எங்க ஆத்தா பேரை இந்தப் பிள்ளைதான் சொல்லணும். அதோட சீதைன்னு வச்சா காட்டுக்குல்ல போகணும்" என்கிறார். வீட்டுக்காரர், "சர்டிபிகேட்ல உண்ணாமலைன்னு இருக்கட்டும், வீட்டுல நீ சீதைன்னு கூப்பிட்டுக்க" என்றார். பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

ஆத்தாவின் கல்யாணச் சாமானில் ஒரு எவர்சில்வர் தூக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதன் மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். தேய்த்துத் தேய்த்து 'தை' பாதி மறைந்துவிட்டது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ராத்திரி பால் கொடுத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்து அழுகிறேன், தினமும். பெயரைப் பதிய நாள் போகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்துகிறார்கள். நான் சுயநலமாக நடந்துகொள்கிறேனா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளத்தூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு உங்கள் பெயரை விட்டுவிட்டீர்கள். போகட்டும்.

முதலில் அந்த அவசரத்தை இறக்கி வைத்துவிடலாம். 21 நாள் கணக்கு பிறப்பைப் பதிவதற்குத்தான், பெயருக்கு இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அவசரத்தில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு அப்புறம் மாற்றப் போனால்தான் பெரும்பாடு.

அடுத்தது அழுகை. பிரசவம் ஆன முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு 26 நாள் ஆகிவிட்டது, தினமும் என்கிறீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது உங்கள் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

இனி பெயர். பழைய சின்னப் பெயர் பிடிக்கும் என்கிறீர்கள். உண்ணாமலையும் பழைய பெயர்தானே, திருவண்ணாமலை உண்ணாமுலை அம்மன் பெயர். சின்னதாக வேண்டும் என்றால் வள்ளி, மீனாள், உமையாள், சிகப்பி என்று நம் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஆகவே எழுத்துக் கணக்கை விட்டுவிடுவோம். உங்களுக்கு வேண்டியது உங்கள் ஆத்தா. தலைப்பிரசவத்துக்குப் போய்ப் படுக்கத் தாய் வீடு இல்லாத பெண் நீங்கள். அந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள், மற்ற எல்லா வரியிலும் அதுதான் தெரிகிறது. இதைச் சுயநலம் என்று யார் சொன்னது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது பால் டம்ளரைத் தட்டிவிடும், மூக்கில் விரலை விடும். அப்போது "ஏ சீதை!" என்று உங்களால் அதட்ட முடியுமா? இதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று இருந்த காலத்தில், அப்பத்தா பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அது மாமியாருக்குக் கொடுத்த மரியாதை என்பார்கள். பிள்ளைக்கும் அதில் ஒரு விடுதலை இருந்தது என்று எனக்குப் படுகிறது. பெரியவர்கள் பெயரைச் சுமந்தாலும் திட்டு வாங்க அதற்கென்று தனியாக ஒரு பெயர் கிடைத்தது. சீதை என்று வைத்தால், அந்தப் பெயரை அதட்டவும் கொஞ்சவும் உங்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடாது. குழந்தை ஆத்தாவின் இடத்தில் உட்கார வரவில்லை. இதை நினைக்கும்போது தொண்டை அடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். அதுதான் 12 மாதம் இருக்கிறதே.

கூப்பிடும் பெயர் பிச்சை மாதிரி இருந்தது என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைச் சொன்ன விதம் சரியில்லைதான். ஆனால் எது நிஜப் பெயர்? என் அப்பத்தாவை ஊரே சின்னாத்தா என்றுதான் கூப்பிட்டது. அவர் பெயர் விசாலாட்சி என்று அவர் இறந்த பிறகு பேங்க் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் விசாலாட்சி என்றால் எனக்கு யாரோ ஒருவர். ஆத்தா பெயர் உங்கள் வீட்டில் தினம் இருபது தடவை ஒலிக்க வேண்டுமா, ஆதார் அட்டையில் இருக்க வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்றாலும் தப்பில்லை, கேளுங்கள். ஆனால் எது முதலில் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நாத்தனார் பயத்துக்கு ஒரு வார்த்தை. சீதை என்றால் உழுசால், அதாவது ஏர் உழுத தடம். ஜனகர் உழுதபோது கிடைத்த குழந்தை என்பதால் வந்த பெயர், காட்டுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பள்ளத்தூரிலேயே பெண்கள் கல்லூரி சீதாலட்சுமி ஆச்சி பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய இன்னொரு பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அவர் ஆத்தா பெயரைச் சொல்லவும் இந்த ஒரு குழந்தைதான். இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை பிறந்த காலத்து முறை இது. அப்போது இரண்டு பாட்டிக்கும் பங்கு வந்தது. ஒற்றைப் பிள்ளை என்று ஆன பிறகு யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அது உங்கள் குற்றமும் இல்லை, நாத்தனார் குற்றமும் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரர் பேசுகிறார், நாத்தனார் பேசுகிறார். உண்ணாமலை ஆச்சி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்களுக்குப் பத்தியம் வைப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் பெயரை வைத்து வீடே சண்டை போடுகிறது, அவரை யாராவது கேட்டீர்களா? அவருக்குத் தன் பெயர் பிடிக்குமா? பள்ளிக்கூடத்தில் அதை வைத்து யாராவது கேலி செய்தார்களா? பேத்தி தன் பெயரைச் சொன்னால்தான் மனசு நிறையும் என்று இருக்கிறாரா?

நாளைக்குக் காலையில் அவர் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, மற்றவர்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு போங்கள். "அத்தை, இது எங்க ஆத்தாவோடது" என்று ஆரம்பியுங்கள். பெயர்ப் பேச்சை நீங்கள் எடுக்கவே வேண்டாம். ஆத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். சம்பந்தியை அவருக்கும் தெரியும், அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அங்கேயே அழுகை வந்தால் அழுங்கள்.

அவர் "எம் பேருதான் வேணும்" என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். அப்போது அது அவர் ஆசை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், நாத்தனார் வாய் வழியாக வந்த உத்தரவாக இருக்காது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுவதும் எளிது.

அந்தத் தூக்கைத் திரும்பவும் துணியில் சுற்றாதீர்கள். அடுப்படியில் வைத்துப் புழங்குங்கள். 'தை' தேய்ந்தால் பாத்திரக் கடையில் கொடுத்து மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அப்போதாவது உங்கள் பெயரையும் போடுங்கள்.