ஏற்காட்டுக்காரிக்கு கடலைப் பத்தி என்னங்க தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, நானும் என் சிநேகிதியும் மே மாசம் திருகோணமலை போய் திமிங்கலம் பாத்துட்டு வந்தோம்னு ரெண்டே வரி எழுதினேன். அதுக்கு வந்த லெட்டருங்களப் பாத்தா, சேலம் ஜில்லாவே பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்கு போல. இந்த தடவ முழுக்க அதுதான், மாமியார் பிரச்சனை எழுதினவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நானும் என் ஹாஸ்டல் ஃப்ரெண்டும் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா புருஷன் புள்ளைங்க இல்லாம டூர் போறோம். லீவு மே மாசம்தான் கிடைக்குது. யூடியூப்ல எல்லாரும் மிரிஸ்ஸான்னு சொல்றாங்க, அங்கயே புக் பண்ணிடலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

மொதல்ல கைய குடு கண்ணு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல லீவு வாங்கினீங்க பாரு, திமிங்கலத்தைப் பாக்கறதை விட அது கஷ்டம்.

ஆனா மிரிஸ்ஸா வேண்டாம். அது இலங்கையோட தெக்கு ஓரத்துல இருக்கு, அங்க சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். மே மாசம் தென்மேற்குப் பருவக்காத்து கெளம்பிடும், நமக்கு மலையில சாரல் அடிக்க ஆரம்பிக்கிற அதே காத்து அங்க கடலைப் போட்டு கடைஞ்சிட்டு இருக்கும். அந்த நேரத்துல கெழக்குப் பக்கம் அமைதியா கெடக்கும், அதனால கோடை லீவுல போறவங்களுக்கு திருகோணமலைதான். துறைமுகத்து வாசல்லயே கடலுக்கு அடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்ணு இருக்கு, கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே அடி ஆழம் சடார்னு எறங்கிடும். நாம ஏற்காடு பகோடா பாயின்ட் ஓரத்துல நின்னு கீழ எட்டிப் பாக்கிறோமே, அந்த மாதிரி ஒரு மலை விளிம்பு தண்ணிக்குள்ள இருக்குன்னு வெச்சுக்கோ. ஆழம் பக்கத்துலயே இருக்கறதால திமிங்கலமும் கரைக்குப் பக்கத்துலயே வருது. சில நேரம் கோணேசர் கோயில் இருக்கற சுவாமி மலையில நின்னே மூச்சு விடறது தெரியும், சம்பந்தர் பாடின கோயில், அதனால டூருக்கு டூரும் ஆச்சு கோயிலுக்கு கோயிலும் ஆச்சுன்னு வீட்ல சொல்லிக்கலாம்.

சேலத்துல இருந்து போறதுன்னா திருச்சிக்குப் போயி அங்கிருந்து கொழும்புக்கு ஃப்ளைட், அப்புறம் ரோட்டுல ஒரு ஆறு மணி நேரம். நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கற காங்கேசன்துறைக்கு கப்பலும் விடறாங்க, ஆனா கடல் சரியில்லேன்னா நிறுத்திடுவாங்க, லீவு நாள எண்ணி வெச்சிருக்கறவங்க அதை நம்பி திரும்பி வர்ற தேதியை முடிவு பண்ணாதீங்க. விசா விதி அடிக்கடி மாறுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாத்துடு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் ஒரு பொது பர்ஸ் வெச்சுக்கோங்க. ஆளுக்குப் பாதி போட்டு டீ, ஆட்டோ, இளநி எல்லாம் அதுல இருந்தே குடுங்க. இருபது வருஷ சிநேகிதம் ஒரு இளநிக் காசுல முறிஞ்சத நான் பாத்திருக்கேன்.

கேள்வி: என் ஃப்ரெண்டு ஏற்காடு பஸ்ல மூணாவது வளைவுலயே வாந்தி எடுத்துருவா. இவள நம்பி நான் எப்படி போட்ல ஏறுறது? (அயோத்தியாப்பட்டணம்)

என்னாலயும் ஏற்காட்டு இருபது ஹேர்பின் வளைவையும் எலுமிச்சம்பழம் மோந்து பாக்காம ஏற முடியாது, நான் பொறந்து வளர்ந்ததே அங்கதான்! என் சிநேகிதி அப்படி இல்ல, இருபது வளைவுலயும் கடைசி சீட்டுல உக்காந்து தட்டுவடை தின்னுட்டே வர்றவ. ஆனா திருகோணமலையில போட்டு கெளம்பி முக்கால் மணி நேரத்துல யாரு கவுந்தா தெரியுமா? அவதான். நான் கம்முனு நின்னுட்டு இருந்தேன்.

இதுல என்ன விஷயம்னா, ஒடம்பு ஆடுதுன்னு காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு சொல்லும், போட்டுக்குள்ள குனிஞ்சு உக்காந்து ஃபோன நோண்டிட்டு இருந்தா கண்ணு எதுவும் ஆடலயேன்னு சொல்லும், ரெண்டு பேருக்கும் நடுவுல மூளை முழிக்கும், கடைசியில வயிறு தண்டனை வாங்கும். ஏற்காடு பஸ் டிரைவர் வாந்தி எடுத்து எங்கயாவது பாத்திருக்கீங்களா? அவரு ரோட்டையே பாத்துட்டு இருக்காரு, அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு கண்ணுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது. அதனால உங்க ஃப்ரெண்ட போட்டோட நடுவுல, ஆட்டம் கம்மியா இருக்கற எடத்துல உக்கார வெச்சு, கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாக்கச் சொல்லுங்க. அவோமின் மாதிரி மாத்திரைன்னா போட்ல ஏறினப்புறம் போட்டா புண்ணியமில்ல, ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், ஆனா தூக்கம் சொக்கும், பிபி சுகர்னு மாத்திரை சாப்பிடறவங்களும் மாசமா இருக்கறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. காலங்காத்தால அஞ்சரை ஆறுக்கெல்லாம் போட் கெளம்பிடும், வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது, ரெண்டு இட்லி போதும். என் சிநேகிதி என்ன சாப்பிட்டான்னு கேக்காதீங்க. செவ்வாப்பேட்டையில இருந்து கொண்டு போன தட்டுவடை பாக்கெட்ட போட்லயே பிரிச்சா.

கேள்வி: திமிங்கல வாந்தி கோடிக்கணக்குல போகுதாமே, கரையில கெடந்தா எடுத்துட்டு வரலாமா? (கல்லூரி மாணவர், ஓமலூர்)

தம்பி, டூரு போறியா, ஜெயிலுக்குப் போறியா? நீ சொல்ற திமிங்கல வாந்திக்குப் பேரு அம்பர்கிரிஸ், அது எண்ணெய்த் திமிங்கலத்தோட கொடல்ல உருவாகறது, அது முழுங்கற கணவாயோட கெட்டியான அலகு செரிக்காம கெடக்கும்போது அதைச் சுத்தி மெழுகு மாதிரி சேர்றது. சென்ட்ல வாசனை நிக்கறதுக்காக அதுக்கு அவ்ளோ கிராக்கி. நம்ம நாட்டுல 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வெச்சிருக்கறதும் குத்தம், விக்கறதும் குத்தம். தமிழ்நாட்டுல எத்தனை பேரு இதுல மாட்டிட்டு பேப்பர்ல போட்டோ வந்துச்சுன்னு நீயே பாத்திருப்ப. கெடந்தா கெடக்கட்டும், வனத்துறைக்கு ஒரு ஃபோனப் போட்டுட்டு நீ பஸ் ஏறு.

கேள்வி: திமிங்கலம் மீனா இல்லையா? வீட்ல பந்தயம். (தாரமங்கலம்)

மீன் இல்ல. குட்டி போட்டு பால் குடுக்கும், நுரையீரல்ல மூச்சு விடும். தோத்தவங்க கரூர் முறுக்கு செட்டு வாங்கிக் குடுங்க.

கேள்வி: எதுக்கு இலங்கை வரைக்கும் போகணும், நம்ம தமிழ்நாட்டுக் கடல்ல இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேர்வராயன் மலை)

இருக்குங்க சார், ஆனா இங்க அதை நம்பி டிக்கெட் எடுத்துட்டுப் போற மாதிரி தொழிலா நடக்கல. மன்னார் வளைகுடாப் பக்கம் ஓங்கல் பாக்கலாம், மீனவங்க டால்ஃபின அப்படித்தான் சொல்லுவாங்க. பாக்கு விரிகுடாவுல ஆவுளியா இருக்கு, அதான் கடல்பசு, அதுக்குன்னே 2022-ல தமிழ்நாடு அரசு ஒரு காப்பகம் அறிவிச்சுது.

நம்ம கரையில திமிங்கலத்த ஜனங்க கூட்டமா பாத்தது சோகமான கதைங்க. 2016 ஜனவரியில திருச்செந்தூர் பக்கம், மணப்பாட்டுல இருந்து ஆலந்தலை வரைக்கும் 80-க்கும் மேல பைலட் திமிங்கலங்க கரை ஒதுங்கிச்சு. மீனவங்க கயித்தப் போட்டு படகுல இழுத்துட்டுப் போயி விட விட, திரும்பித் திரும்பி கரைக்கே வந்துச்சு. பாதிக்கு மேல செத்துப் போச்சு. 1973-லயும் அதே பக்கம் இது மாதிரி நடந்திருக்கு. அந்த இனத்துக்கு கூட்டத்த விட்டு இருக்கத் தெரியாது, ஒண்ணு கரையில கெடந்தா மத்ததும் பின்னாடியே வந்துடும்.

கேள்வி: அவ்ளோ காசு செலவு பண்ணிப் போயி, ஒண்ணும் தெரியலேன்னா? (வாசகி, குகை)

தெரியாம போகலாம், அதுக்கும் சேர்த்துத்தான் மனச தயார் பண்ணணும். மிருகக்காட்சி சாலை இல்லீங்களே. நாங்க மொத நாள் போனப்ப மூணு மணி நேரம் வெயில்ல காஞ்சுட்டு நாலு டால்ஃபின் முதுக மட்டும் பாத்துட்டு வந்தோம், மலையில சால்வையோட திரியற என் மூஞ்சி அன்னிக்கே மாங்கொட்டை மாதிரி ஆயிடுச்சு. கயிறு வெச்ச தொப்பி வாங்குங்க, கயிறு இல்லாத தொப்பி கடலுக்குத்தான்.

ரெண்டாம் நாள் படகோட்டி அண்ணன் திடீர்னு என்ஜின நிறுத்திட்டாரு. நூறு மீட்டருக்குள்ள போகக்கூடாதுன்னு அங்க சட்டம், சில படகுக்காரங்க டிப்ஸுக்காக தொரத்திட்டே போறாங்க, அப்படிப்பட்டவங்க படகுல ஏறாதீங்க, தொரத்தினா அது முங்கிடும், நமக்கும் நஷ்டம். "கதைக்காம இருங்கோ அக்கா, வடிவா பாருங்கோ"ன்னாரு. படகு தண்ணியில தட்டுற சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒரு புஸ்ஸ்ஸ்... நம்ம புது பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கும்போது ஏர் பிரேக் விடுமே, அதே சத்தம், ஆனா அது ஒரு உயிரோட மூச்சு. மூணு மாடி ஒசரத்துக்குத் தண்ணி ஆவி. பின்னாடியே சாம்பலும் நீலமுமா முதுகு வருது, வந்துட்டே இருக்குது, எப்ப முடியும்னே தெரியல. நீலத்திமிங்கலம் முப்பது மீட்டர் வரைக்கும் வளரும்னு படிச்சிருந்தேன், ரெண்டு பஸ்ஸ ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிறுத்தினாலும் பத்தாது, படிக்கிறப்ப அது நம்பராத்தான் இருந்துச்சு. கடைசியில வாலு எழும்பி, ஒரு சொட்டு தெறிக்காம உள்ள போச்சு. போன எடத்துல எண்ணெய் ஊத்தின மாதிரி வழவழன்னு ஒரு வட்டம் மட்டும் ரொம்ப நேரம் கெடந்துச்சு.

திரும்பிப் பாத்தா என் சிநேகிதி அந்தப் பக்கம் கம்பியப் புடிச்சுட்டு குனிஞ்சிருக்கா. மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும், வால் எழும்பினத பாத்திருக்க வாய்ப்பே இல்ல. ஆனா ஊருக்கு வந்து அவ மாமியார்ல இருந்து காய்கறிக்கடை அண்ணன் வரைக்கும் எல்லார்கிட்டயும் அந்த வாலு எப்படி எழும்புச்சுன்னு கைய விரிச்சு காட்டறா, என்னை விட அழகா சொல்றா. நான் இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. இந்தப் பக்கத்தை அவ படிக்க மாட்டான்னு ஒரு தைரியத்துலதான் எழுதறேன்.