முதலில் கோலம், அப்புறம் தைரியம்: கேள்வி பதில்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனநல ஆலோசனைப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். மனம் உடைந்து மீண்டு வருகிறவர்களோடு களிமண்ணும் கிரேயானும் வைத்துக்கொண்டு உட்காருவதுதான் இப்போதைய வேலை. மலையில் பல ஊர்களில் இருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் ஊர் மட்டும்.

கோத்தகிரி: டீச்சர், மனச்சோர்வுக்கு ரொம்ப நாள் மருந்து சாப்பிட்டேன். இப்போது பரவாயில்லை என்கிறார் டாக்டர். முன்பெல்லாம் மார்கழியில் தெருவே நின்று பார்க்கிற மாதிரி கோலம் போடுவேன். இப்போது கோலப்பொடி டப்பாவைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. பழைய தைரியம் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எப்போது வரும்?

காத்திருந்தால் வராதும்மா. கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதினார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது, நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் கொடுக்கும் ஊக்கம், அந்த நேரத்து உடம்பின் நிலை என்று நான்கு வழி சொல்கிறார். வலு அதிகம் முதலாவதற்குத்தான். உங்கள் வீட்டில் ஆளாளுக்கு "உன்னால் முடியும்" என்று சொல்லியிருப்பார்கள். அது மனதில் ஒட்டியிருக்காது. ஒட்டாததற்குக் காரணம் நீங்கள் இல்லை.

அதனால் வாசலுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். பின்கட்டு சிமென்ட் தரை போதும், கோலப்பொடிகூட வேண்டாம், ஒரு சாக்பீஸ். நேர்ப்புள்ளி ஐந்து, ஒன்றில் நிறுத்து. சின்னச் சிக்குக் கோலம். கோடு சுற்றி வந்து மூடியதும் எழுந்துவிடுங்கள். கை துருதுருவென்று இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் அதே கோலம். சில நாளில் அலுப்புத் தட்டும். அலுப்பு வந்தால் எனக்குச் சந்தோஷம், பயம் இருக்கிற இடத்தில் அலுப்பு வராது. அப்போது புள்ளியைக் கூட்டுங்கள்.

ஊட்டிப் பக்கம் போனால் தோடர் பெண்கள் எம்பிராய்டரி போடுவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது. துணியில் பென்சிலால் வரைந்துகொள்வது கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு எண்ணிக்கை தப்பியது. என்னோடு பேசிக்கொண்டே ஊசி முனையால் நூலைத் தூக்கி உருவிவிட்டு, அந்த வரியை மறுபடி ஆரம்பித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போனது ஒரு வரிதான் என்று அந்தக் கைக்குத் தெரியும். நமக்கோ ஒரு இழை தப்பினால் முழுத் துணியையும் தூக்கிப் போடத் தோன்றுகிறது. நோயில் இருந்து எழுந்தவர்களுக்கு இந்தக் குணம் இன்னும் அதிகம். நீங்கள் பந்துராவைப் படிக்க வேண்டியதில்லை, அந்த அம்மாவைப் பார்த்தால் போதும்.

குன்னூர்: வயது 63. ஹார்ட் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன். மகள் கலர் பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என் கையெழுத்தே கோணல். எனக்கெல்லாம் இது சரிப்படுமா?

சரிப்படும் சார். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் காகிதம் என்று எதையாவது வைத்து இஷ்டம்போல் செய்யவிட்டார்கள். 2016-ல் வெளியான ஆய்வு. முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பின் வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் கோணல் கையெழுத்து ஒரு தடையில்லை என்று நம்ப இது போதும். மகளிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள்: "சூப்பர்ப்பா" என்று புகழ வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அவளும் வரையட்டும்.

கூடலூர்: அப்பா தவறியதைப் பற்றி எழுதினால் மனம் லேசாகும் என்றார்கள். எழுதினேன். அன்று இரவெல்லாம் அழுகை. எழுத்து எனக்கு ஆகாதோ?

தம்பி, அழுகை வந்ததில் தப்பே இல்லை. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து 4 நாள், நாளைக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் மருத்துவரிடம் போனார்கள். அதற்கப்புறம் வந்த ஆய்வுகளில் பலன் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை.

கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள், 15 நிமிடம் ஆனதும் பேனாவை மூடிவிட வேண்டும். படுக்கப் போகிற நேரத்தில் வேண்டவே வேண்டாம், பகலில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் போடலாம். நாலு நாளுக்குப் பிறகும் தூக்கம் கெட்டால் எழுத்தை ஓரம் கட்டிவிட்டுக் கையால் செய்கிற வேலைக்கு வாருங்கள். உங்கள் கூடலூர்ப் பக்கத்தில்தானே பழங்குடிக் கலைஞர்கள் காட்டைக் கெடுக்கும் உண்ணிச்செடிக் குச்சியை வளைத்து நிஜ யானை உயரத்துக்கு யானை செய்கிறார்கள்? முடிந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். கையில் ஒரு குச்சி வளையும்போது மனமும் சும்மா இருக்கும்.

பூம்பாறை: மகள் பிளஸ் டூவில் தவறியதில் இருந்து யாரோடும் பேசுவதில்லை. குரோஷா மட்டும் பின்னிக்கொண்டே இருக்கிறாள். கொடைக்கானல் சீசனில் கடை போடலாம் என்கிறார் அவள் மாமா. போடலாமா அக்கா?

இந்த சீசனில் வேண்டாம். மார்க் ஷீட்டில் அடி வாங்கிய பிள்ளை, விலைச்சீட்டிலும் அடி வாங்க வேண்டாம். டூரிஸ்ட் ஒருவர் "இதுக்கா இருநூறு?" என்று கேட்டால் போச்சு. உருப்படாத தொப்பியும் ஒற்றைக்கால் பொம்மையும் பின்னுவதற்கு அவளுக்கு ஒரு இடம் வேண்டும். அவளாக "விற்கலாமா" என்று கேட்கட்டும், அப்போது மாமாவைக் கூப்பிடுங்கள். இடையில் துணைத்தேர்வு பற்றி அவள் பேச்செடுத்தால் பேசுங்கள், பின்னலைக் காட்டிப் படிப்பைப் பேசாதீர்கள்.

உதகை: படம் வரைந்தாலே நன்றாக இருக்கிறது. மாத்திரையை விட்டுவிடலாமா?

கூடாது. 'கலை சிகிச்சை' என்ற பெயரை 1942-ல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய்க்கு சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து பார்த்து, அதன் பலனை உணர்ந்தவர். மருத்துவமனையில் இருந்துகொண்டே வரைந்தார் என்பதை மறக்க வேண்டாம். மருந்தைக் குறைப்பது உங்கள் டாக்டரின் முடிவு. நடுராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கேத்தி: சாமி மேல் நம்பிக்கை இருக்கிறது, என் மேல்தான் இல்லை. பாடத் தெரியும், பஜனையில் பின்னால் நின்று பாடுவேன்.

இரண்டுக்கும் சண்டை இல்லை. அடுத்த வாரம் ஒரே ஒரு வரியை நீங்கள் எடுத்துக்கொடுங்கள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடட்டும்.

கோத்தகிரி: மழைக்காலத்தில் வாட்டர் கலர் காயவே மாட்டேன் என்கிறது. பேப்பரில் பூஞ்சை வேறு. ஆசையே போய்விடுகிறது.

மேகம் வீட்டுக்குள் வருகிற மாதங்களில் வாட்டர் கலரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆயில் பேஸ்டல், பென்சில், கரி என்று மாறிக்கொள்ளுங்கள், காய வேண்டிய வேலையே இல்லை. பேப்பரைச் சுருட்டி வைக்காமல் தட்டையாக பிளாஸ்டிக் கவரில் போட்டு, அடுப்பங்கரைப் பக்கம் உயரத்தில் வையுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் ஈரம் ஏறும். வெயில் அடிக்கிற அன்றைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.