கறுப்பின விவசாயிகளின் கடன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின விவசாயிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2021-ல் அவர்களுக்கும் மற்ற சிறுபான்மை விவசாயிகளுக்கும் அறிவித்த 400 கோடி டாலர் கடன் தள்ளுபடி நீதிமன்றத் தடையால் நின்றுபோனதை அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மழை நிறம் பார்த்துப் பெய்வதில்லை. கடன் கட்ட முடியாமல் தவிக்கும் வெள்ளை விவசாயியும் இருக்கிறார். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதாதா? 1999-லேயே இழப்பீடும் கொடுத்துவிட்டார்கள். இன்னும் எத்தனை காலம் இதையே பேசுவது? குறை சொல்வதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விதி ஒன்றாக இருந்தால் போதாதா என்ற உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கடன் விதிகளில் கறுப்பருக்குக் கொடுக்காதே என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் நடந்தது அதுதான். எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அங்கே விவசாயி ஒவ்வோர் ஆண்டும் விதை, உரம், டீசல் வாங்கக் கடனை நம்பி இருக்கிறார். தனியார் வங்கி கைவிரித்தால் அரசுக் கடன்தான் கடைசி வழி. அந்தக் கடன் வாஷிங்டனில் முடிவாவதில்லை. நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்தில், உள்ளூர் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த குழுவின் கையில் பல ஆண்டுகள் இருந்தது. தென் மாநிலங்களில் அந்தக் குழுக்களில் அநேகமாக எல்லோருமே வெள்ளையர்கள். விண்ணப்பிப்பவரின் நிலம் ஏலத்துக்கு வந்தால் வாங்கக்கூடியவர்களும் அவர்களுடைய அக்கம்பக்கத்தார்தான். இதை நினைத்துப் பார்த்தால் மற்றதெல்லாம் புரியும்.

முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விண்ணப்பப் படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று இழுத்தாலே போதும். நீங்கள் சொன்ன 1999 இழப்பீட்டைப் பெற்றுத் தந்தது, கறுப்பின விவசாயிகள் துறையின் மீது தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு. அதன் தீர்ப்பில் நீதிபதி பால் ஃபிரீட்மன் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்: தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பின விவசாயியின் விண்ணப்பத்துக்கு, வெள்ளை விவசாயியின் விண்ணப்பத்தைப்போல் சராசரியாக மூன்று மடங்கு காலம் ஆகியிருக்கிறது. வேறு தொழிலில் இது வெறும் தாமதம். விவசாயத்தில் அப்படி இல்லை. ஜனவரியில் கேட்ட பணம் ஜூலையில் வந்தால் பருத்திக்கு பட்டம் போய்விட்டது. தாமதமாக விதைத்தால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் தவணை நிற்கும், தவணை நின்றால் நிலம் ஏலத்துக்கு வரும். அப்புறம் கோப்பில் என்ன இருக்கும்? கடன் கொடுத்தோம், அவர் கட்டவில்லை என்றுதான் இருக்கும். கடன் கிடைத்தவர்களில்கூடப் பலருக்குப் பணம் கைக்கு வரவில்லை. கண்காணிப்புக் கணக்கு என்ற ஒன்றில் போட்டு, அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை விதைகூட வாங்க முடியாதபடி செய்தார்கள்.

புகார் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் 1983-ல் துறையின் சிவில் உரிமைப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த புகார்கள் விசாரிக்கப்படாமலே கிடந்தன.

1920-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் 46,738 பேர். எல்லா விவசாயிகளும்தானே குறைந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதனால் விகிதத்தைப் பாருங்கள்: அன்று நூறு விவசாயிகளில் 14 பேர் கறுப்பர்கள், இன்று இரண்டு பேர்கூட இல்லை. இதற்குக் கவுண்டி அலுவலகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வன்முறையும் வடக்கு நோக்கிய இடப்பெயர்வும் உண்டு. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் வாரிசுகளுக்குப் பிரிக்கப்படாத பங்காகப் போனதும் உண்டு. வெளியார் ஒருவர் ஒரே ஒரு வாரிசின் பங்கை வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட முடிந்தது. அந்தச் சட்டத்திலும் நிறம் என்ற சொல் இல்லை. இதைத் திருத்தும் மாதிரிச் சட்டம் 2010-ல்தான் எழுதப்பட்டது.

1938-ல் குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் தந்த சட்டத்தையும் பாருங்கள். விவசாயத் தொழிலாளிகளுக்கு இது பொருந்தாது என்று மட்டும் எழுதினார்கள். அன்றைய தெற்கில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்களில் பெரும்பகுதி யார் என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாதா? குறைந்தபட்சக் கூலி வயலுக்கு வர 1966 ஆயிற்று. மத்தியச் சட்டப்படி மிகைநேரக் கூலி இன்னும் வரவில்லை. இன்று அந்த வயல்களில் குனிந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்.

1999 இழப்பீட்டுக்கு வருகிறேன். பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஆளுக்கு 50,000 டாலர். வாங்கியிருந்த கடனில் ஒரு பகுதியும் ரத்தானது. அதைப் பெற, தன்னைப் போன்ற நிலையில் இருந்த ஒரு வெள்ளை விவசாயியை அடையாளம் காட்டி, அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். பக்கத்து வயல்காரர் வாங்கிய கடனின் விவரம் யாரிடம் இருக்கும்? எந்த அலுவலகத்தின் மீது புகாரோ, அதே அலுவலகத்தில். காலக்கெடு தாண்டி வந்த பல்லாயிரம் பேருக்காக 2010-ல் இன்னொரு ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஏலத்தில் போன நிலமோ பெரும்பாலும் திரும்பவே இல்லை.

கஷ்டப்படும் வெள்ளை விவசாயியைப் பற்றி நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். 2021 திட்டம் ரத்தானபோது, 2022 சட்டம் நிறம் பாராமல் நெருக்கடியில் இருந்த கடன்காரர்களுக்கு 310 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் கடன் தள்ளுபடி கடன் வைத்திருப்பவருக்குத்தானே? கடனே மறுக்கப்பட்டவருக்கும், 1985-லேயே நிலத்தை இழந்தவருக்கும் தள்ளுபடி செய்ய என்ன இருக்கிறது? அந்தச் சட்டத்தின் இன்னொரு பிரிவின்படி, கடனில் பாகுபாட்டுக்கு ஆளானதாக விண்ணப்பித்த 43,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2024-ல் சுமார் 200 கோடி டாலர் வழங்கினார்கள். எனக்கு அது சரியான பாதையாகத் தெரிந்தது. 2025 ஜூலையில், இனத்தையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்துத் திட்டங்களை நடத்துவதையே நிறுத்துவதாகத் துறை அறிவித்துவிட்டது. இது தவறான முடிவு என்று நினைக்கிறேன். யாருக்கு எத்தனை நாளில் கடன் போகிறது என்று இனவாரியாகப் பார்க்காமல் விட்டால், அந்த மூன்று மடங்குத் தாமதம் மறுபடி வந்தால்கூட யார் கண்ணிலும் படாது.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். ஆண்டுக் கணக்கில் எனக்குப் பதில் இல்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். 2008 வேளாண் சட்டத்தில் ஒரு சின்ன விதி வந்தது: விவசாயி கேட்டால், இன்ன தேதியில் வந்தார், இன்னது கேட்டார், இன்ன பதில் சொன்னோம் என்று அலுவலகம் ரசீது தர வேண்டும். 2014-ல் கேட்காமலே தர வேண்டும் என்று மாற்றினார்கள். படிவம் தீர்ந்துவிட்டது என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்றது அது. அந்த ரசீதுகளையும் கடன் கைக்கு வந்த தேதிகளையும் கவுண்டி வாரியாக, இனவாரியாகப் பொதுவில் வைக்கட்டும். விதைப்புக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பணம் போகிறது என்று அதில் தெரிந்தால், உங்கள் கேள்வியை நானும் கேட்பேன்.

அன்புடன்