எச்பிவி பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சகோதரி

பாலியல் தொழிலில் இருப்பதாகவும், 34 வயதில் எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆணுறை போட்டும் எப்படி வந்தது, இனி எச்பிவி தடுப்பூசி போட்டால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே இந்த வைரஸை விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் ஆபத்து, அதுவும் புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். ரிப்போர்ட்டில் 16, 18 என்ற வகைகள் இருக்கிறதா பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இவற்றால் வருவதுதான். இருந்தால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்யுங்கள். செல்கள் மாறத் தொடங்கியிருந்தாலும் அந்த இடத்தை மட்டும் நீக்கிவிடலாம்.

ஆணுறை மூடாத தோலிலிருந்தும் இது தொற்றும். உங்கள் மேல் தப்பில்லை. ஆனாலும் ஆணுறையை விட்டுவிடாதீர்கள். எச்ஐவி இருந்தால் எச்பிவி லேசில் போகாது, அதனால் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையம்) அந்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இலவசம்தான்.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. கையில் இருக்கும் பணத்துக்கு, உங்கள் 12 வயது மகளுக்குப் போடுவதே நல்லது என்பேன். 15 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு டோஸ் போதும்.

டாக்டர் தொழிலைச் சொல்லிக் கேவலப்படுத்தினால் வேறு டாக்டரிடம் போங்கள், சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.